யூடியூப் ஓடுகிறது, வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லை

வீட்டில் நெட் வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." கேபிள்காரர் சொல்கிறார், வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுகிறவர் சொல்கிறார், எதிர்வீட்டுப் பையனும் சொல்கிறான். பல நேரம் சரியாகியும் விடுகிறது. ஆனாலும் இந்த வைத்தியத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. சரியாகிவிட்டால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை. சரியாகவில்லை என்றால், அதற்கு மேல் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. "ரூட்டர் போச்சு, புதுசு வாங்கிடுங்க", "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்று நேராகப் பணத்தில் போய் நிற்கிறது பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்பதே இல்லை. வடசென்னையில் தண்டையார்பேட்டை மாதிரி ஒரு பகுதியில், மாதக் கடைசியில் இரண்டாயிரம் ரூபாய் என்பது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்தவர்கள்கூட அப்படிச் சொல்வதுதான் என்னை உறுத்துகிறது.

எனக்கு அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. அதனால் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் தகராறு செய்தாலும் கூப்பிட்டுவிடுவார்கள். போய்ப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நான் போவதற்குள் எல்லோரும் ரூட்டரை அணைத்துப் போட்டிருப்பார்கள், பிரவுசரை அழித்து மறுபடி நிறுவியிருப்பார்கள், யாரோ சொன்னார்கள் என்று டிஎன்எஸ் எண்ணையும் மாற்றியிருப்பார்கள். தடயம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நியாயமாகச் சொன்னால், அணைத்துப் போடுவது பலிப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ரூட்டரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். வீட்டில் இருக்கிற கைபேசி, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் வெளியே ஒரே முகவரியில்தான் போகின்றன. எந்தப் பதில் யாருக்கு வந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ள ரூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே விளம்பரம், படம் என்று பத்து இருபது இணைப்புகள் போகும். மலிவான ரூட்டரில் அந்தப் பட்டியல் நிரம்பிவிட்டால் புது இணைப்புக்கு இடம் கிடைக்காது. அணைத்தால் பட்டியல் காலியாகிறது, எல்லாம் ஓடுகிறது. கேபிள்காரரின் பக்கம் லாகின் தொங்கிப் போயிருந்தாலும் இதே கதைதான், மறுபடி உள்ளே போய்விடும். ஆனால் அணைப்பதற்கு முன்னால், எந்த லைட் என்ன நிறத்தில் எரிந்தது, பிரவுசர் திரையில் என்ன எழுதியிருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது அந்த ஒரு படத்தைத்தான்.

திரையில் வருகிற அந்த வரியை யாரும் படிப்பதில்லை. குரோமில் அந்த டைனோசர் படம் வந்ததும் மூடிவிடுகிறார்கள். அந்த வரிகள் நிஜமாகவே தகவல் சொல்கின்றன. 'டைம்ட் அவுட்' என்றால் கேட்டோம், எந்தப் பதிலும் வரவில்லை. 'ரெஃப்யூஸ்ட்' என்றால் அந்த முனையில் ஆள் இருக்கிறார், வராதே என்று பதிலும் சொல்லிவிட்டார். அதாவது பெரும்பாலும் உங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. 'ரீசெட்' என்றால் பேச்சு ஆரம்பித்து நடுவில் அறுக்கப்பட்டது. 'என்எக்ஸ்டொமைன்' என்றால் அந்தப் பெயரில் ஒரு தளமே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். 'ப்ராக்ஸி' (நமக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று வாங்கித் தருகிற இன்னொரு கம்ப்யூட்டர்) என்ற சொல் வந்தால் ரூட்டரைத் தொடவே வேண்டாம். கம்ப்யூட்டரில் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், ப்ராக்ஸி அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. இந்த ஐந்துக்கும் ஒரே மருந்து எப்படி இருக்க முடியும்?

இரண்டாவது பொது வைத்தியம் டிஎன்எஸ்-ஐ மாற்றுவது. 8.8.8.8 போடு, 1.1.1.1 போடு என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்கிறார்கள். டிஎன்எஸ் என்பது 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு. நாம் தட்டுகிற பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவது அதன் வேலை, அவ்வளவுதான். பெயர் தேடுவதில் கோளாறு இருந்தால் மட்டும் அந்த எண்ணை மாற்றுவதால் பயன் உண்டு. முகவரி கிடைத்த பிறகு வழியில் நடக்கிற எதற்கும் அது பொறுப்பல்ல. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் என்எஸ்லுக்கப் (nslookup) என்று அடித்து, பக்கத்தில் தளத்தின் பெயரைப் போட்டால் முகவரி வருகிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். வந்துவிட்டால் டிஎன்எஸ்-ஐ விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான்.

கம்பி, காற்று, கடிகாரம்

எங்கள் பக்கத்துக்கு என்று சில கோளாறுகள் உண்டு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. வைஃபை பட்டியலைத் திறந்தால் தெருவே தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள்தான் இடித்துக்கொள்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 'நெட் ஸ்லோ' என்கிற புகாரில் பாதிக்கு மேல் இதுதான். கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கம்பி இழுத்துவிட்டால் அந்தப் புகார் முடிந்தது. காசிமேடு பக்கம் போனால் உப்புக் காற்று. கம்பி முனையில் இருக்கிற செம்பு ஊசிகள் பச்சை பூத்து, பார்க்க மாட்டியிருப்பது போல இருக்கும், தொடர்பு இருக்காது. அப்போது கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கும். ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. இதைப் பார்த்துவிட்டால் பிரவுசரைக் குறை சொல்ல வேண்டியதில்லை, கம்பியைப் பார்க்கலாம்.

புயலில் அறுந்தது, மழையில் போனது எல்லாம் சுலபமான கேஸ்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய லைட் சிவப்பாக எரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருத்தெருவாக அந்தச் சிவப்புதான். யாருக்கும் சந்தேகம் இல்லை, யாரையும் யாரும் திட்டவும் இல்லை, ஃபைபரை ஒட்டியதும் வந்துவிட்டது. முழுசாகப் போனதைக் கண்டுபிடிக்கத் திறமை தேவையில்லை. பாதி வேலை செய்து பாதி செய்யாமல் நிற்கிறதே, அதுதான் மனுஷரை வதைக்கும்.

அப்படி ஒன்று கடிகாரம். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் பழைய டெஸ்க்டாப். எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை. வைரஸ் என்று சொல்லி, புது கம்ப்யூட்டருக்கு விலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் ஒரு கடைக்காரர். வலது கீழ் மூலையில் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு காசு அளவு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அந்தத் தொடக்க நாளுக்கு முன்னால் நின்றால் எல்லாச் சான்றிதழும் பிரவுசருக்குப் போலியாகத்தான் படும். பேட்டரி மாற்றி, தேதியைத் திருத்தினால் முடிந்தது. விலை சில பத்து ரூபாய்கள். அந்த வீட்டம்மா புது கம்ப்யூட்டருக்காக நகையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அக்காவின் கம்ப்யூட்டர்

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, எம்.சி. ரோடு துணிக்கடைகள் சிலவற்றுக்கு வீட்டில் இருந்தே கணக்கு எழுதித் தருகிறார். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கலும் அவர்தான். 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. தாண்டினால் வரி இருக்கிற கடைக்கு ஒரு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் வட்டி. கடைக்காரர் அந்தக் கட்டணத்தை அக்காவின் சம்பளத்தில்தான் பிடிப்பார். நான் போன அன்று 20-க்கு அதிக நாள் இல்லை.

வீட்டில் நிலைமை இதுதான். யூடியூப் துல்லியமாக ஓடுகிறது. கூகுள் தேடுகிறது, ஜிமெயில் திறக்கிறது. ஆனால் வங்கித் தளம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் டைம்ட் அவுட். வரி தாக்கல் செய்கிற பக்கமும் அப்படியே. இன்னும் சில தளங்கள் பாதி வந்து நின்றுவிடுகின்றன. கேபிள் ஆபீசிலிருந்து வந்த பையன் அந்த ரூட்டர் வழியாகவே யூடியூபைப் போட்டுக் காட்டி, "லைட்டு பச்சையா எரியுது, வீடியோ ஓடுது பாருங்கக்கா, நெட்டு நல்லா வருது, உங்க சிஸ்டத்துலதான் பிராப்ளம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கம்ப்யூட்டர் கடையில், "சிஸ்டம் நல்லாயிருக்கு, லைன் பிராப்ளம்" என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பிரவுசரை அழித்து நிறுவியாகிவிட்டது, ஆன்டிவைரஸை எடுத்தாகிவிட்டது, ரூட்டரை எத்தனையோ முறை அணைத்துப் போட்டாகிவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் முதல் வேலை பிரச்சினையை இரண்டாக வெட்டுவது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்தேன். வங்கித் தளம் உடனே திறந்தது. ஆகக் கம்ப்யூட்டர், பிரவுசர், கடிகாரம், ப்ராக்ஸி எல்லாவற்றையும் ஒரே அடியில் விடுவித்துவிடலாம். அடுத்து, கைபேசியை வீட்டு வைஃபையில் போட்டு அதே வங்கித் தளம். இங்கே எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று: மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் இதைச் சோதிக்க வேண்டும். வைஃபை சரியில்லை என்று பட்டால் பல கைபேசிகள் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'போனில் வருது, சிஸ்டத்தில் வரல' என்கிற புகார் பலதும் இப்படிப் பிறந்ததுதான். டேட்டாவை அணைத்ததும் கைபேசியிலும் வங்கி சுற்ற ஆரம்பித்தது. அக்காவின் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அப்படியானால் லைனில் கோளாறு. ஆனால் லைனைச் சோதித்தால் எல்லாம் சரி. ரூட்டரின் பக்கம் திறக்கிறது, பெயருக்கு முகவரி கிடைக்கிறது, 1.1.1.1-க்கு பிங் அடித்தால், அதாவது ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்தால், ஒன்றுகூடத் தவறாமல் பதில் வருகிறது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்த சோதனைகள் அத்தனையிலும் லைன் பாஸ்.

அக்காவிடம் அதுவரை எல்லோரும் கேட்டது எது திறக்கவில்லை என்றுதான். நான் எது எதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டேன். அவர் யோசித்து, கணக்கு எழுதுகிற ஒழுங்கோடு சொன்னார். வாட்ஸப்பில் எழுதினால் போகுது. குரல் பேச முடியுது. ஆனால் கடைக்காரருக்குப் பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் சுத்திக்கினே நிக்குது. மெயில் வருது, ஆனால் இணைப்போடு அனுப்ப முடியல. அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "எனக்கு என்ன தோணுதுன்னா தம்பி, சின்னது எல்லாம் போயிடுது. பெருசுதான் மாட்டிக்குது. இதச் சொன்னா அந்தப் பையன், அப்படியெல்லாம் இருக்காதுக்கா, நெட்டுன்னா எல்லாம் ஒண்ணுதான்றான்."

கோளாறு முழுவதையும் அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் பையில் இருந்த எந்தக் கருவியும் அதுவரை அதைச் சொல்லவில்லை. விண்டோஸில் பிங் அடித்தால் அது அனுப்புவது வெறும் 32 பைட். யாரும் அதை விடப் பெரிதாக அனுப்பிப் பார்க்கவே இல்லை. சின்னது போகிறது என்று அக்கா சொன்னதைத்தான் நாங்கள் எல்லோரும் பிங் அடித்து மறுபடி மறுபடி உறுதி செய்துகொண்டிருந்தோம்.

1464-க்கு வராத பதில்

பிங் கட்டளையில் அளவைக் கூட்டலாம். எல் என்ற குறியோடு எண்ணைக் கொடுத்தால் அத்தனை பைட். எஃப் என்ற குறி சேர்த்தால், வழியில் யாரும் இதை உடைத்துத் துண்டாக்கக் கூடாது என்று அர்த்தம். இணையத்தில் எல்லாத் தகவலும் பாக்கெட் என்கிற சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பிங்கின் தலைப்புக்கு 28 போக 1472. அந்த அளவில் அனுப்பினேன். ரூட்டரே பதில் சொல்லிவிட்டது: உடைக்காமல் இதை அனுப்ப முடியாது. அது எதிர்பார்த்ததுதான். கேபிள்காரர் தருகிற லாகின் முறை, பிபிபிஓஇ என்பது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. அதற்கேற்ற பிங் அளவு 1464. ரூட்டர் அதை வெளியே விட வேண்டும், பதிலும் வர வேண்டும்.

1464 அனுப்பினேன். பதில் இல்லை. முடியாது என்ற மறுப்பும் இல்லை. டைம்ட் அவுட், டைம்ட் அவுட், டைம்ட் அவுட். 1400-க்குப் பதில் வந்தது. 1440-க்கு இல்லை. 1432-க்கு வந்தது, 1433-க்கு இல்லை. 1432-உம் 28-உம் சேர்ந்தால் 1460. இந்த வீட்டிலிருந்து வெளியே போய் வருகிற வழியில் எங்கோ ஓரிடத்தில் 1460-க்கு மேல் இருக்கிற எதுவும் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

நம் ஊரில் ரயில்வே சுரங்கப்பாதைகளுக்கு முன்னால் உயரத்தடுப்புக் கம்பி வைத்திருப்பார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி அங்கே வந்தால் அதற்கு மேல் போக முடியாது. பைக்கும் ஆட்டோவும் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். லாரியை நிறுத்தி 'சின்ன வண்டியில் ஏத்தி அனுப்பு' என்று கம்பெனிக்குச் சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தால் சரக்கு எப்படியும் போய்ச் சேரும். அந்த ஆள் இல்லையென்றால் கம்பெனி அதே உயர லாரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இணையத்தில் அந்த ஆளுக்கு ஏற்பாடு இருக்கிறது. 1990-இல் ஜெஃப்ரி மொகலும் ஸ்டீவ் டீரிங்கும் எழுதிய ஆர்எஃப்சி 1191 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்வது அதைத்தான். பாக்கெட் பெரிதாக இருந்தால் வழியில் இருக்கிற ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, இவ்வளவுதான் இங்கே போகும் என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி (இப்படித் தகவல் சொல்ல நெட்வொர்க்கில் இருக்கிற தனிச் செய்தி வகை) அனுப்ப வேண்டும். அனுப்பியவர் அளவைக் குறைத்துக்கொள்வார். ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைக்கிற இடங்கள் நிறைய. அப்படி அடைத்தால் தகவல் போகாது, பாக்கெட் மட்டும் தொலைந்துகொண்டே இருக்கும். இதைக் 'கருந்துளை' என்றே பெயர் சொல்லி, 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2923 விளக்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டை அது ஆட்டி வைக்கிறது.

வங்கித் தளம் ஏன் மாட்டியது என்பது இப்போது விளங்கும். பிரவுசர் முதலில் கைகுலுக்க அனுப்புவது சின்னச் சின்ன பாக்கெட்டுகள், அவை போய்விடும். அடுத்து, எதிர்முனை தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது சில ஆயிரம் பைட். முழு அளவு பாக்கெட்டுகளில்தான் வரும். அங்கேதான் பாதாளம். பக்கத்தின் ஒரு எழுத்துக்கூட வருவதற்கு முன்னாலேயே எல்லாம் நின்றுவிடுகிறது. யூடியூப் தப்பித்ததற்கும் காரணம் உண்டு. கூகுளின் தளங்களோடு குரோம் பேசுவது பெரும்பாலும் க்விக் என்ற வேறு முறையில். 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வெளிவந்தது. அது பாக்கெட்டுகளை 1500 வரை நிரப்பாது, 1200-க்குக் கொஞ்சம் மேலே தொடங்கிக் கவனமாகத்தான் போகும். கம்பிக்கு அடியில் இடிக்காமல் போய்விடுகிறது. ஆக, லைன் நன்றாக இருக்கிறது என்பதற்கு யூடியூபைச் சாட்சியாகக் காட்டுவது இந்தக் கோளாறு இருக்கும்வரை செல்லாத சாட்சி. நாடு முழுக்க லைன்காரர்கள் முதலில் காட்டுவது அதைத்தான்.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கான வான் (WAN) அமைப்பில் எம்டியு என்ற கட்டத்தில், அதாவது பாக்கெட்டின் உச்ச அளவில், 1492-ஐ அழித்து 1460 என்று போட்டேன். அளவைக் குறைத்தால் ரூட்டரே இரு முனைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடும், இதற்கு மேல் நிரப்பாதீர்கள் என்று. சேமித்தேன். வரித் தளத்தின் லாகின் பக்கம் சட்டென்று வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், முதலில் திறந்தது பாதியில் நின்றிருந்த 3பி படிவத்தை. டீ போடுகிறேன் என்று சொன்னவர் அதை மறந்தே போனார். எழுந்திருக்கும்போது இரண்டு கடைகளின் தாக்கல் முடிந்திருந்தது.

யார் மேல் கோபப்படுவது

கேபிள் ஆபீசில் போய்க் கேட்டபோது நிலவரம் தெரிந்தது. வேகம் கூடும் என்று சமீபத்தில்தான் மேல் இணைப்பை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த நிறுவனம் எல்2டிபி என்ற இன்னொரு அடுக்கு வழியாக இவர்களுடைய லாகின்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தன் தலைப்புக்கு இடம் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் 1460. இப்படி எடுப்பது குற்றமில்லை, உலகம் முழுக்க இருக்கிற பழக்கம்தான். ஆனால் எடுக்கிறவர் தன் பக்கத்தில் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் தலைப்பு போகச் சரக்குக்கு இருக்கிற உச்ச அளவு) அதற்கேற்ப இறுக்கி வைக்க வேண்டும், அல்லது அந்த ஐசிஎம்பி செய்தியையாவது விட வேண்டும். அவர்களுடைய கருவியில் ஒரு வரி அமைப்பு அது. அதைச் செய்யாததால் எத்தனை வீடுகளில் ரூட்டர் மாற்றியிருப்பார்கள், எத்தனை பேர் வங்கிக்கு நேரில் போய் வரிசையில் நின்றிருப்பார்கள்?

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி, அந்த வெயிலில் ஃபைபர் ஒட்டுகிறவன். மேலே இருக்கிறவர்கள் செய்யாத வேலைக்குத் திட்டு மட்டும் இவனுக்கு வந்து சேர்கிறது. பிங் சோதனையை அவனுக்குக் காட்டினேன். 32-க்கும் 1464-க்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தக்கா சொன்னது கரெக்டுதானா?" என்று கேட்டான். எண்களைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, அன்று சாயங்காலமே போன் செய்தான். அதே லைனில் 'சிஸ்டம் பிராப்ளம்' என்று அவன் எழுதிவிட்டு வந்திருந்த வீடுகளில் போய் அளவை மாற்றிப் பார்த்திருக்கிறான், திறக்கிறதாம். அவனுக்கு இதை யாராவது முதலிலேயே கற்றுக்கொடுத்திருந்தால் அக்காவின் கம்ப்யூட்டர், கடை வாசலையே பார்த்திருக்காது. வீட்டுக்கு வீடு ஏறுகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள், சிவப்பு லைட் பச்சை லைட்டோடு நிறுத்தாதீர்கள் என்று கேபிள் ஆபீஸ் நடத்துகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். எனக்கு நேரம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து சொல்லித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா தன் பெயரிலேயே மேல் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தார். முதலில் பேசியவர் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார். அக்கா விடவில்லை. "உடைக்கக் கூடாதுன்னு போட்டு 1432 அனுப்பினா பதில் வருது. 1433 அனுப்பினா வரல. ஐசிஎம்பி மறுப்பும் வரல. இதை அப்படியே எழுதிக்கங்க" என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லி, புகாரை நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றி எண் கொடுத்தார்கள். அக்கா வீட்டிலும் கேபிள் ஆபீஸ் பையன் மாற்றிக் கொடுத்த மற்ற வீடுகளிலும் இப்போது தொல்லை இல்லை. ஆனால் அதே லைனில் அளவு மாற்றாத ரூட்டர் ஒன்றில் நேற்று சாயங்காலம் 1464 அனுப்பிப் பார்த்தேன். இன்னும் பதில் வரவில்லை. புகார் எண் அக்காவின் கணக்கு நோட்டில் இருக்கிறது, திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.